அம்மாவின் இரண்டு கை அகலம்

நம் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே யோசியுங்கள், அவசரமில்லை. உங்கள் அம்மா இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து நின்றால், இந்த நடுவிரல் நுனியிலிருந்து அந்த நடுவிரல் நுனிவரை எவ்வளவு நீளம்?

தெரியாதல்லவா? நம்மில் பாதிப் பேருக்கு அம்மாவின் பிறந்த தேதியே தெரியாது. நீள அகலத்துக்கு எங்கே போவது! எனக்குத் தெரியும். பெருமைப்பட ஏதுமில்லை. அந்த அளவைத் தெரிந்துகொள்வதற்குள் நான் ஒரு நல்ல மனிதரின் பெயரைக் கெடுத்து, அம்மாவின் முதுகை ஆபத்தில் விட்டு, ஒரு காலை முழுக்க ஜம்பு மரத்தில் குடியிருக்க வேண்டி வந்தது. அந்த மரத்தில் இருந்தபடிதான் இந்த நாட்டுக்கு என்னாலான ஒரே பொதுச் சேவையையும் செய்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று மலாக்கா முழுவதும் பேசிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. எங்கள் காஜா பெராங் பகுதியில் யாரைப் பார்த்தாலும் கையில் ஒரு சுண்ணாம்பு வாளி இருந்தது. வேலி சரிசெய்தார்கள், கதவுக்குச் சாயம் அடித்தார்கள். புது நாடு வீடு வீடாக வந்து எட்டிப் பார்க்கப்போகிறது என்ற நினைப்பு போலும். எங்கள் வீடு பலகை வீடு. முன்பக்கம் பார்ப்பதற்கு மரியாதையாக இருக்கும். பின்பக்கம் போனால் குசினி. அத்தாப்பு ஓலைக் கூரை, மண் தரை, தரையோடு தரையாக மூன்று கல் அடுப்பு. மழை பெய்தால் ஐந்து இடத்தில் ஒழுகும். ஐந்துக்கும் ஐந்து பாத்திரம். எந்தப் பாத்திரத்தில் விழுகிற சொட்டு என்ன சத்தம் போடும் என்று எனக்கு மனப்பாடம்.

எங்களுக்கு முன்னால் குடியிருந்த யாரோ ஒரு குட்டையான குடும்பம் கட்டிய குசினி அது. அம்மாவோ உயரம். நல்ல உயரம். உள்ளே போகும்போது உத்தரத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். அந்த இடத்தில் பழைய சாரோங் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தார். குனிந்து போவார், குனிந்து சமைப்பார், குனிந்து வெளியே வருவார். சாயங்காலம் கதவோரம் நின்று இரண்டு முஷ்டியையும் இடுப்பில் வைத்து அழுத்துவார். அப்போது அவர் முதுகிலிருந்து ஒரு சத்தம் வரும். சுள்ளி முறிகிற சத்தம். நான் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். எனக்கு வயது ஒன்பது. அந்த வயதில் புத்தியும் ஒழுகும்.

தங்கச்சி பிறந்ததிலிருந்தே, இரண்டு வருடமாக, அம்மாவால் சில நாள் காலையில் பாயைவிட்டு எழவே முடியவில்லை. ஆஸ்பத்திரி டிரெஸர் பார்த்துவிட்டு, "இனிமே குனியவே கூடாது. இப்படியே போனா ஒரு நாள் படுத்த படுக்கைதான்" என்று சொல்லி அனுப்பினார். குனியாமல் அந்தக் குசினியில் எப்படிச் சமைப்பது என்று அவர் சொல்லவில்லை. அவர் வீட்டிலும் அவரா சமைக்கிறார்!

அன்று இரவுச் சோற்றில் கை வைத்தபடியே அப்பா சொன்னார்: "நாடே எழுந்து நிக்கப் போவுது. எங்க வீட்டுக் குசினி மட்டும் ஜப்பான்காரன் காலத்துல குனிஞ்சது, இன்னும் குனிஞ்சே கெடக்குது. இடிச்சுக் கட்டறோம்."

அம்மா அப்பாவுக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கைதட்டல்.

வந்த தச்சர் எங்கள் வேலிக்குப் பின்னால் இருந்த செட்டிக் கம்பத்துக்காரர். வெளியூர் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை: கம்பம் என்றால் இங்கே குடியிருப்பு. செட்டி என்றதும் வட்டிக்கடைச் செட்டியாரை நினைத்துக்கொள்ளாதீர்கள். இவர்கள் பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் வேர்விட்டவர்கள். சாமி நம் சாமி, திருநீறு நம் திருநீறு, பேச்சு மட்டும் மலாய். அப்பாவுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் நெற்றியில் மூன்று பட்டையோடு ஒருவர் எதிரில் நின்றதும் மறந்துவிட்டார். குசினி எப்படி வேண்டும், கதவு எந்தப் பக்கம், புகை எப்படிப் போக வேண்டும் என்று பத்து நிமிடம் சுத்தத் தமிழில் விளக்கினார். கட்டம் போட்ட சாரோங்கும் வெள்ளைப் பனியனும் காதில் பென்சிலுமாக நின்ற தச்சர், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். அப்பா மூச்சு வாங்க நிறுத்தியதும் மலாயில் பணிவாகக் கேட்டார்:

"கிராணி சொல்லி முடிச்சாச்சா? நல்லது. இப்ப மலாயில சொல்லுங்க."

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய சிரிப்புச் சத்தம். அது பக்கத்து வீட்டுப் பெரியம்மா. நான் அப்படித்தான் கூப்பிடுவேன். அவரும் செட்டிக் கம்பத்துக்காரர்தான். சாரோங் கெபாயாவும் கொண்டையில் மல்லிகையுமாக இருப்பார். அம்மா தமிழில் பேசுவார், பெரியம்மா மலாயில் பதில் சொல்வார். இருவரும் அடுத்தவர் மொழியில் ஒரு வாக்கியம்கூடப் பேசியதில்லை. ஒரு நாள்கூடப் பேச்சு தடைப்பட்டதுமில்லை.

அப்பா உள்ளே வந்து பல்லைக் கடித்தார். "நெத்தி நெறைய துன்னூறு, வாயில ஒரு தமிழ் வார்த்தை இல்ல. இவரை நம்பியா வீட்டை ஒப்படைக்கறது?"

"மரத்துக்கு எந்த பாஷையாம்?" என்றார் அம்மா உள்ளறையிலிருந்து.

அப்பா அரசாங்க அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. மூன்று ராத்திரி உட்கார்ந்து, கட்டம் போட்ட தாளில், சிவப்புப் பென்சிலும் நீலப் பென்சிலும் கொண்டு குசினிக்கு ஒரு படம் வரைந்திருந்தார். அதைத் தச்சரிடம் நீட்டினார். தச்சர் நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார், வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"அழகா இருக்கு, கிராணி. முன் சுவத்துல மாட்டுங்க." அப்புறம் சொன்னார்: "எனக்கு வீட்டம்மாவோட டெப்பா வேணும்."

இரண்டு கைகளையும் விரித்தால் வருகிற அகலத்துக்கு மலாயில் டெப்பா என்று பெயர். அவர் தொழில் கற்றது மலாய்க்கார வீட்டுத் தச்சர்களிடம். அவர்களுக்கு வீடு என்பது மனைவியின் கை அகலத்திலிருந்து தொடங்குவது. இவர் அதையே குசினிக்கும் கொண்டுவந்திருந்தார். விரித்த கையகலமும் ஆள் உயரமும் ஒன்றேதான் என்பது அவர் கணக்கு. அந்த அளவை இரண்டாக மடித்தால் அடுப்பு மேடையின் உயரம். முழு அளவோடு நான்கு விரல் சேர்த்தால் உத்தரத்தின் உயரம். ஜன்னல், அலமாரி எல்லாம் அதிலிருந்தே பிறக்கும்.

அப்பாவின் முகம் மாறியது. மலாய் வழக்கப்படி தச்சரைத் துக்காங் என்றுதான் அவர் கூப்பிடுவார். "அளவுகோல்னு ஒண்ணு இருக்குது, துக்காங். அடி, அங்குலம் எல்லாம் இருக்குது. என் பெண்டாட்டி என்னா துணியா, அளக்கறதுக்கு?"

"குசினியில அதிக நேரம் நிக்கப்போறது யாரு? கிராணியா?"

"அவளும் நானும் ஒரே உயரம்தான். என்னைப் பாத்துக் கட்டுங்க, போதும்."

தச்சர் சிரிக்கவில்லை. பென்சிலைக் காதில் செருகினார். "அப்படின்னா செங் கம்பத்துல போய் வேற ஆள் பாருங்க, கிராணி. அளவில்லாம நான் கட்டமாட்டேன்."

இங்கே சற்று நிற்கிறேன். 'அவளும் நானும் ஒரே உயரம்' என்பது அப்பா ஊருக்கெல்லாம் சொல்லிவைத்த செய்தி. உறவுக்காரர்களிடம் சொல்வார், அலுவலக நண்பர்களிடம் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார். குதிகால் தடித்த சப்பாத்துதான் போடுவார். கோயிலுக்குப் போகும்போது அம்மா நாலடி பின்னால், தோளைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டு நடப்பார். அதை நான் அடக்கம் என்று நினைத்திருந்தேன். அம்மா குசினிக்கு வெளியிலும் குனிந்துதான் நடந்திருக்கிறார் என்பது எனக்கு மீசை நரைத்த பிறகுதான் புரிந்தது. அன்றைக்கு எனக்கு அப்பா சொன்னதுதான் வேதம். ஒரே உயரம் என்றால் ஒரே உயரம்.

தச்சரைப் போகவிடாமல் நிறுத்தியது பெரியம்மா. வேலிக்கு மேலாகத் தலையை நீட்டி, "அலாமாக்! ஆம்பளைதான் அளக்கணும்னு யாரு சொன்னா? அளக்கற பிரம்பு நாரை உள்ள குடுத்தனுப்பு. இந்தப் பையன் அவன் அம்மாவை அளந்து கொண்டுவரட்டும். யார் கண்ணுலயும் படவேணாம்" என்றார். அப்பாவுக்கு மறுக்க வேறு காரணம் கிடைக்கவில்லை. உண்மையான காரணத்தைச் சொல்லவும் முடியாது.

தச்சர் ஒரு கட்டு ரோத்தான் நார் வைத்திருந்தார். பிரம்பைச் சீவி எடுத்த, விரல் அகலம்கூட இல்லாத மெல்லிய நார். கயிறு இழுத்த இழுப்புக்கு நீளும். ரோத்தான் பொய் சொல்லாது என்பார். அதில் ஒன்றை உருவி என்னிடம் கொடுத்தார். பொய் சொல்லாத பொருளை யாரிடம் கொடுக்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை, பாவம்.

அம்மா உள்ளறையில் சுவரோடு முதுகை ஒட்டி நின்று கைகளை விரித்தார். ஒரு கை அலமாரியைத் தொட்டது, மறு கை ஜன்னல் கம்பிக்கு வெளியே போய்விட்டது. மஞ்சளும் சீரகமும் மணக்கும் விரல் நுனியில் நாரை வைத்து, மறு நுனிவரை இழுத்துக் கத்தியால் வெட்டினேன்.

"முடிஞ்சுச்சும்மா. கைய எறக்குங்க."

அம்மா இறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றார். "இன்னொரு வாட்டி அள, கண்ணு. இப்படி நின்னு எவ்ளோ நாளாச்சு."

நான் இன்னொரு வாட்டி அளந்தேன். அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே, "இதத் தொலைச்சே, தோலை உரிச்சிடுவேன்" என்றார்.

அது வெள்ளிக்கிழமை சாயங்காலம். அதற்குள் தச்சர், ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன், அளவு தயாராக இருக்கட்டும் என்று சொல்லி, நார்க்கட்டை எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்.

பட்டம் விடுகிற பருவம் அது. விஷயம் உங்களுக்கே புரிந்திருக்கும். பெரிய பட்டத்தின் தலையில் ஒரு வில் கட்டி, அதில் மெல்லிய நாரை இழுத்துக் கட்டினால், காற்றில் அது 'ங்ஙூ' என்று பாடும். கம்பத்துப் பையன்களின் பட்டமெல்லாம் பாடின. என்னுடையது ஊமை. நார்க்கட்டில் இருக்கும் நாரைத் தொட்டால் திருட்டு. கையில் இருக்கும் நாரோ என் பொறுப்பில் விடப்பட்டது. இப்படி ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்து, சனிக்கிழமை காலையில் அதிலிருந்து ஒரே ஒரு முழம் வெட்டினேன். சுரண்டும்போது முறிந்தது. இன்னொரு முழம். அதுவும் முறிந்தது. மூன்றாவது பாடியது. அருமையாகப் பாடியது. பாடிக்கொண்டே நூலை அறுத்துக்கொண்டு புக்கிட் பாரு பக்கமாகப் போய்விட்டது. அந்தப் பட்டத்தை இன்றுவரை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. கிடைத்தவர் யாராவது இதைப் படித்தால், பட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் அம்மாவில் ஒரு துண்டு அதில் இருக்கிறது, அது போதும்.

மத்தியானம் என் கையில் மிச்சமிருந்தது அரை அம்மா.

மறுபடி அளக்கலாம் என்றால் அம்மா தோலைப் பற்றிச் சொன்னது நினைவுக்கு வந்தது. அந்த நேரத்தில் கூடத்துக்கு வந்தேன். சனிக்கிழமை அரைநாள் வேலை முடித்து வந்த அப்பா, காற்று வரும் இடத்தில் பாயை விரித்து மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு கைகளும் இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தன. கடவுள் இருக்கிறார் என்று நான் முதன்முதலாக முழுமனதோடு நம்பியது அந்தக் கணத்தில்தான். ஒரே உயரம்! ஊருக்கே தெரிந்த உண்மை! நார்க்கட்டிலிருந்து புது நார் ஒன்றை உருவினேன். இப்போது திருட்டெல்லாம் நினைவுக்கு வரவில்லை. அப்பாவின் குறட்டைக்குக் குறட்டை நகர்ந்து, விரலுக்கு விரல் அளந்து வெட்டினேன். மிகத் துல்லியமாக அளந்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த முதல் வேலை அது.

ஞாயிற்றுக்கிழமை தச்சர் அந்த நாரை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டு, எங்கள் கொல்லையில் போட்டிருந்த வேலைக் கொட்டகையில் ஓர் ஆணியில் மாட்டினார்.

மூன்று வாரம் வேலை நடந்தது. பள்ளிவிட்டு ஓடி வந்தால் கொல்லை முழுக்க மரச்சுருள். புதுப் பலகையின் வாசனை பச்சை மிளகை நசுக்கியதுபோல் மூக்கில் ஏறும். எங்கள் கம்பத்தில் தூண்களைப் புதைப்பதில்லை, கல்லின்மேல் நிறுத்துவார்கள். ஆறு கல், ஆறு தூண். ஆணியில்லாமல் மரத்துக்குள் மரம் செருகி, ஆப்பு அடித்து இறுக்கினார். அம்மா ஜன்னல் வழியாகக் காப்பியை நீட்டுவார். தச்சர் அம்மாவின் கையை மட்டும்தான் பார்த்திருப்பார். வேலை முடிகிறவரை அம்மா கொல்லைப் பக்கம் வரவேண்டாம் என்பது அப்பாவின் உத்தரவு. தூசி என்றார். தூசி இல்லை என்று இப்போது தெரிகிறது.

கூரை போட்டு முடித்த மறுநாள் காலையில் பால் காய்ச்ச நல்ல நேரம் பார்த்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் பெரியம்மாவும் கம்பத்து ஆட்களும் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தார்கள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அம்மா கையில் பால் சட்டியோடு, புதுக் குசினிக்குள், பல வருடத்தில் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்து காலடி வைத்தார்.

'டொக்.'

பால் பாதி தரையில். உத்தரம் அம்மாவின் உச்சியில் சரியாக இடித்திருந்தது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே குனிந்து உள்ளே போய், மிச்சப் பாலை அடுப்பு மேடையில் வைத்தார். மேடைக்கும் குனிந்தார். பிறகு ஒரு கை தானாக இடுப்புக்குப் போனது. அம்மாவின் முகத்தை நான் பார்த்தேன். அவர் அழவில்லை. இதுவும் இப்படித்தானா என்று கேட்கிற முகம் அது. நான் சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்து ஜம்பு மரத்தில் ஏறினேன்.

அப்பா வெடித்தார். "இதுக்கா டெப்பா? இதுக்கா மூணு வாரம்? அப்பவே சொன்னேன், அளவுகோல் எடுங்கன்னு! தொழில் தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லணும்!"

தச்சர் ஆணியிலிருந்து நாரை எடுத்தார். உத்தரத்துக்கு வைத்துப் பார்த்தார்: சரி. மடித்து மேடைக்கு வைத்துப் பார்த்தார்: சரி. அம்மாவை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் தாழ்த்திக்கொண்டார். அவருக்கு அந்த நொடியிலேயே புரிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் சொன்னது இதுதான்:

"என் வேலை தப்பாப் போச்சு, கிராணி."

உளியைத் துணியில் சுற்றினார். ரம்பத்தை எடுத்தார். ஒவ்வொரு கருவியாகப் பைக்குள் போனது. பெரியம்மா மெதுவாகச் சொன்னது மரத்தின்மேல் எனக்குக் கேட்டது: "டெப்பா தப்பின தச்சன்னு பேரு வந்துட்டா, இனிமே யாரும் அவன்கிட்ட ஒரு நாற்காலிக் கால்கூடக் குடுக்கமாட்டாங்க."

நண்பர்களே, நான் வீரன் இல்லை. கீழே இறங்கி, நெஞ்சை நிமிர்த்தி உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். நான் இறங்கவில்லை. இன்னும் ஒரு கிளை மேலே ஏறினேன். அங்கிருந்து கத்தினேன்:

"அது அம்மா அளவு இல்ல! அப்பா அளவு!"

எல்லாத் தலையும் மேலே திரும்பின.

"என்னடா சொல்ற?"

"அம்மா நார் பட்டத்தோட போயிடுச்சு! நீங்க தூங்கறப்ப உங்களை அளந்தேன்! நீங்கதானேப்பா சொன்னீங்க, ரெண்டு பேரும் ஒரே உயரம்னு!"

வேலியோரத்தில் எழுந்த சிரிப்பு எப்படிப்பட்டது என்று விவரிக்க எனக்குத் திறமை போதாது. தமிழ் தெரிந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். யாரோ மலாயில் சொன்ன பிறகு மற்றவர்கள் சிரித்தார்கள். பிறகு இரு தரப்பும் சேர்ந்து முதலிலிருந்து தொடங்கினார்கள். பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கிராணி, கையை விரிங்க பார்ப்போம்!" என்றார். நாரைச் சோதித்தார்கள். அப்பாவின் விரல் நுனிக்கு விரல் நுனி, மயிரிழை தப்பவில்லை. என் துல்லியத்தை அன்று யாரும் பாராட்டவில்லை.

அப்பாவின் கழுத்து சிவந்திருந்தது. சிரிப்பு அடங்கும்வரை அப்படியே நின்றார். அவர் நேராக என்னிடம் வருவார் என்று கிளையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவர் நார்க்கட்டிலிருந்து புது நார் ஒன்றை உருவிக்கொண்டு அம்மாவிடம் போனார்.

"கையை நீட்டு."

"எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். நல்லா நிமிர்ந்து நில்லு."

அம்மா கொல்லை நடுவில், ஊர் பார்க்க, கைகளை விரித்தார். தச்சர் திரும்பி நின்றுகொண்டார். ஒரு முனையைப் பெரியம்மா பிடித்தார், மறு முனையை அப்பாவே பிடித்தார். இரண்டு நார்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, வேலி முழுவதற்கும் கேட்கிற குரலில், அலுவலகத்தில் கடிதம் வாசிப்பது போலச் சொன்னார்:

"அஞ்சு விரல் அதிகம். எங்க வீட்டம்மா என்னைவிட அஞ்சு விரல் அதிகம்."

அவமானத்தில் சொன்னார் என்றே நான் ரொம்ப காலம் நினைத்திருந்தேன். அந்தக் குரலை இப்போது நினைத்துப் பார்த்தால், பல வருடம் தூக்கிச் சுமந்த ஒரு மூட்டையை இறக்கிவைத்த மனிதரின் குரல் அது. அதற்குப் பிறகு அந்தத் தடித்த சப்பாத்தை அவர் காலில் நான் பார்த்ததில்லை. தச்சரிடம் போய், "தப்பு எங்க வீட்டுது, துக்காங். மன்னிச்சிக்குங்க" என்று அதே உரத்த குரலில், ஊர் கேட்க, மலாயில் சொன்னார்.

"தூண் வளராது, கிராணி" என்றார் தச்சர். "ஆனா கல்லு வளரும்."

ஒவ்வொரு தூணுக்கும் அடியில் இன்னொரு செம்பாறைக் கல் வைத்தால் போதும். ஐந்து விரல் என்ன, ஆறே கிடைக்கும். மேடைக் காலுக்கு அதில் பாதி கனமுள்ள கல். ஆனால் குசினியை மொத்தமாகத் தூக்க வேண்டும். வேலியைத் தாண்டி எட்டுப் பேர் வந்தார்கள். தூண்களோடு குறுக்குக் கழிகளைக் கட்டினார்கள். அப்போதுதான் அப்பா வாசல்பக்கம் போய், எங்கள் வீட்டுப் பிரம்போடு வந்தார். நம் தலைமுறைக்கு அந்தப் பொருளை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

தச்சர் அதைப் பார்த்தார். "அட, நல்ல ரோத்தானாச்சே! கழி கட்ட நார் போதலைன்னு பாத்துக்கிட்டிருந்தேன்." அப்பா வாய் திறக்குமுன் அதைக் கையிலிருந்து வாங்கி, முனையில் கத்தியை வைத்து, கடைசிவரை நான்காகப் பிளந்துவிட்டார். நார் போதாமல் இல்லை. நார்க்கட்டில் இன்னும் இருபது கிடந்தது. மேலேயிருந்து எனக்கு நன்றாகவே தெரிந்தது. அந்த மனிதரின் பெயரை வேரோடு பிடுங்கப் பார்த்தவன் நான். என்னை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு மறுபடி கழியைக் கட்டப் போனார். என் முதுகிலிருந்து இன்றுவரை அவருக்குப் போய்க்கொண்டிருக்கும் நன்றியை அளக்க, எந்த நாரும் போதாது.

"மேல இருக்கறவனே!" என்று அப்பா கத்தினார். "சும்மாதானே தொங்குற. எண்ணித் தொலை!"

அதுதான் நான் சொன்ன பொதுச் சேவை. ஜம்பு மரத்து உச்சியிலிருந்து, மெர்டேக்காவுக்கு முந்தைய மலாக்காவில், "சத்து! டுவா! தீகா!" என்று மூன்று எண்ணினேன். எட்டுப் பேரும் அப்பாவும் சேர்ந்து மூச்சுப் பிடிக்க, ஒரு முழுக் குசினி, அத்தாப்பும் உத்தரமுமாக, யானை எழுந்திருப்பதுபோல முனகிக்கொண்டு தரையைவிட்டு எழுந்தது. தச்சர் குனிந்து ஓடி ஓடி ஆறு கல்லையும் தள்ளினார். மறுபடி மூன்று எண்ணினேன். இறக்கினார்கள். கதை இங்கேயே முடிந்திருந்தால் எனக்கும் கொஞ்சம் பெருமை மிஞ்சியிருக்கும்.

ஆனால் அம்மா உள்ளே போகும்போது குனிந்தார்.

உத்தரம் தலைக்கு மேலே நான்கு விரல் உயரத்தில் இருந்தது. இருந்தும் குனிந்தார். வெளியே வரும்போதும் குனிந்தார். "பழகிப்போச்சு" என்று சிரித்தார். மேடைக்கு முன்னால் நிமிர்ந்து நின்று சமைத்தார், முதுகு அதற்கு நன்றி சொன்னது. ஆனால் வாசலில் மட்டும் கழுத்து தானாக மடங்கியது. தச்சர் அதைப் பார்த்தார். பையைத் தூக்கினவர் மறுபடி கீழே வைத்தார்.

"வேலை இன்னும் முடியலை" என்றார்.

மறுநாள் காலை வந்தார். ஒரு ஆப்பைத் தட்டினார், ஜன்னல் கட்டையை இழைத்தார், காப்பி குடித்தார். கண் மட்டும் வாசலில். அம்மா குனிந்தார். தச்சர் போய்விட்டார். அடுத்த நாளும் வந்தார். தேவையில்லாத ஓர் அலமாரிப் பலகையை அடித்தார். அம்மா குனிந்தார். இப்படி எட்டு ஒன்பது நாள். "என்னா வேலை பாக்குறாரு இவரு?" என்று அப்பா என்னிடம் கேட்டார். எனக்கு எதையும் கேட்கும் உரிமை அப்போது இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. தங்கச்சி ஏதோ ஒரு குறும்பு செய்ய, அம்மா இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு, அவளைத் திட்டிக்கொண்டே விறுவிறுவென்று வந்தார். திட்டும் மும்முரத்தில் உத்தரத்தையே மறந்துவிட்டார். கழுத்து மடங்கவில்லை. தோள் சுருங்கவில்லை. நெடுநெடுவென்று நிமிர்ந்தபடியே வாசலைத் தாண்டி உள்ளே போய்க் குடத்தை இறக்கினார். தான் செய்தது அவருக்கே தெரியாது.

தச்சர் காப்பிக் குவளையைக் கவிழ்த்து வைத்தார். இழைப்புளியைப் பையில் போட்டு, பையைத் தோளில் மாட்டினார்.

"என்னா துக்காங், கிளம்பிட்டீங்க?" என்றார் அப்பா.

"வேலை முடிஞ்சுது, கிராணி."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் தமிழில் வந்தது: "அண்ணனைச் சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுங்க. சாம்பார் கொதிக்குது."

நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பையை இறக்கி வைத்துவிட்டுக் கைகழுவப் போயிருந்தார்.